கழிக்க எண் கிடைக்காத கணக்கு

பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு ஹங்கேரியன் முறை நினைவிருக்கும். நான்கு ஆட்கள், நான்கு வேலைகள். யாருக்கு எதைக் கொடுத்தால் மொத்தச் செலவு குறையும்? ஒவ்வொரு நிரையிலும் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு நிரலிலும் கழிக்க வேண்டும், பூச்சியங்களைக் கோடு போட்டு மறைத்துப் பார்க்க வேண்டும், போதவில்லை என்றால் இன்னொரு சுற்று. படிகளைத் தவறாமல் எழுதினால் முழு மதிப்பெண். எதற்காகக் கழிக்கிறோம் என்பதை மட்டும் வகுப்பில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அது தெரிந்துவிட்டால், இந்தக் கணக்கின் நெருங்கிய உறவுக் கணக்குகள் எழுபது ஆண்டுகளாகக் கணிதர்களை ஏன் படாத பாடு படுத்துகின்றன என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். மூத்தவர், இளையவர் என்று இரண்டு தையல்காரர்கள். வந்திருப்பது ஒரு ஜாக்கெட்டும் ஒரு சுடிதாரும். மூத்தவர் ஜாக்கெட்டை 2 மணி நேரத்திலும் சுடிதாரை 3 மணி நேரத்திலும் முடிப்பார். இளையவருக்கு ஜாக்கெட்டுக்கு 3, சுடிதாருக்கு 9. ஜாக்கெட்டை யார் சீக்கிரம் தைக்கிறாரோ அவரிடமே கொடுப்போம் என்று முதலாளி நினைத்தால் 2, 9 சேர்ந்து 11 மணி நேரம் ஆகும். மாற்றிக் கொடுத்தால் 3, 3 என ஆறே மணி நேரம்.

இப்போது கழித்தலைப் பாருங்கள். மூத்தவரின் நிரையில் 2, இளையவரின் நிரையில் 3, பிறகு சுடிதாரின் நிரலில் 1. கழித்தவை மொத்தம் 6. எதைக் கொடுத்தாலும் மூத்தவருக்கு 2 மணி நேரமாவது ஆகும், இளையவருக்கு 3 ஆகும், சுடிதார் யார் கைக்குப் போனாலும் அதற்கு மேல் 1 மணி கூடும். ஆக, யார் எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் 6-க்குக் கீழே போகவே முடியாது. கழித்த எண்கள் அதற்குச் சாட்சி. பூச்சியங்கள் மட்டும் உள்ள கட்டங்களில் ஒரு பங்கீடு கிடைத்துவிட்டால், அந்த 6-ஐத் தொட்டும்விட்டோம். விடையையும், இதைவிட நல்ல விடை கிடையாது என்ற நிரூபணத்தையும் ஹங்கேரியன் முறை ஒன்றாகவே கொடுக்கிறது. ஒதுக்கீட்டுக் கணக்குகளின் முழுக் கதையும் இந்தச் சாட்சியைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்த முறையை 1955-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான ஹெரால்டு கூன். டேனஷ் கோனிக், யெனோ எகெர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியர்கள் 1931-இல் கண்டுபிடித்தவை அதற்கு அடிப்படை. எகெர்வாரியின் கட்டுரை ஹங்கேரிய மொழியில் மட்டுமே இருந்ததால், கூன் அகராதியையும் இலக்கண நூலையும் கையில் வைத்துக்கொண்டு தானே அதை மொழிபெயர்த்தார். முறைக்கு அவர்கள் நாட்டின் பெயரையே வைத்தார். 1957-இல் ஜேம்ஸ் மங்க்ரெஸ், ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த முறைக்கு ஆகும் வேலை கட்டுக்கடங்கியே வளர்கிறது என்று காட்டினார். 1851-இல் இறந்துபோன கணிதர் யாக்கோபி லத்தீனில் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் இதே வழி இருந்தது என்பது 2006-இல்தான் தெரியவந்தது. அந்தக் குறிப்புகள் 1890-லேயே அச்சாகியும் நூறாண்டுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை.

கடினமான ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் நம் பாடநூல்களும் மேடைப் பேச்சாளர்களும் உடனே ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள். 30 பேரை 30 இடங்களில் வைக்க 33 இலக்க எண்ணிக்கையில் வழிகள் உண்டு, அதனால்தான் கடினம் என்பார்கள். இது தவறான விளக்கம், இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஹங்கேரியன் முறை தீர்க்கும் 30 பேர் கணக்கிலும் அதே 33 இலக்க எண்ணிக்கையில்தான் வழிகள் இருக்கின்றன. அதைச் சாதாரண மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். கடினம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒருவரை ஓரிடத்தில் வைப்பதன் செலவு, மற்றவர்களை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து மாற ஆரம்பித்ததும் கழிப்பதற்கு எண் கிடைக்காமல் போகிறது. சாட்சி போய்விடுகிறது.

எளிமை கைவிட்டுப் போகும் வழிகள் பல. முதலாவது, இரண்டு பக்கம் இருந்த கணக்கில் மூன்றாவது பக்கம் சேர்வது. ஆளையும் வேலையையும் இணைப்பது எளிது. ஆள், வேலை, இயந்திரம் மூன்றையும் சேர்த்து இணைக்கச் சொன்னால் கதை வேறு. ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் புகழ்பெற்ற பட்டியலில் இந்த மும்முனை இணைப்பும் இருக்கிறது. ராடாரில் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் தெரியும் புள்ளிகளில் எது எந்த விமானம் என்று பொருத்துவது நேரான ஒதுக்கீடு. மூன்று சுற்றுகளைச் சேர்த்துப் பொருத்தச் சொன்னால் கடினக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவர் ஆசிரியர், வகுப்பு, பாடவேளை என்ற மூன்றையும் பொருத்தி ரப்பரால் அழித்து அழித்து எழுதுகிறாரே, அவர் மல்லுக்கட்டுவதும் இந்தக் குடும்பத்துக் கணக்கோடுதான். அவரது திறமைக் குறைவு என்று அதை எண்ணக் கூடாது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எளிமை முறிவதைச் சிறுநீரகப் பரிமாற்றத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கணவருக்குத் தர மனைவி தயார், ரத்த வகை பொருந்தவில்லை. இன்னொரு தம்பதிக்கும் அதே நிலை. ஒருவர் மனைவி மற்றவர் கணவருக்குத் தந்தால் இருவரும் பிழைப்பார்கள். இந்தியாவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இப்படி மாற்றிக்கொள்வதை அனுமதித்தது. இரண்டு இரண்டு ஜோடிகளாக மட்டும் மாற்றிக்கொள்வது என்றால், அதிகம் பேருக்குப் பலன் கிடைக்கும் வழியை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் தந்த முறையால் விரைவாகக் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு நீளமான வட்டமாக இருந்தாலும் சரி என்றால், அதுவும் எளிது. அது நம் பிளஸ் டூ கணக்காகவே மாறிவிடுகிறது. ஆனால் வட்டத்திலுள்ள அறுவை சிகிச்சைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் யாராவது பின்வாங்கினால் ஒருவர் ஏமாந்துபோவார். அதனால் நீண்ட வட்டங்கள் ஆகாது. மூன்று ஜோடிகள் வரை போகலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில்தான் கணக்கு கடினமாகிறது. ஆப்ரகாம், ப்ளம், சாண்ட்ஹோம் என்ற மூவர் 2007-இல் இதை நிறுவினார்கள். இரண்டு எளிது, எல்லையில்லாதது எளிது, மூன்று கடினம். எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

இன்னொரு வழி கொள்ளளவு. ஓர் இயந்திரத்துக்குப் பல வேலைகளைத் தரலாம், ஆனால் ஒரு நாளில் எட்டு மணி நேரம்தான் ஓடும் என்று நிபந்தனை வைத்தால் பொதுமை ஒதுக்கீட்டுக் கணக்கு பிறக்கிறது. இதற்குச் சரியான விடை கடினம்தான். ஆனால் 1993-இல் ஷ்மாய்ஸும் எவா டார்டோஷும் காட்டிய வழியில், செலவு கூடாமல் எந்த இயந்திரத்தின் சுமையும் இரண்டு மடங்கைத் தாண்டாமல் பங்கிட முடியும். கடினமானவற்றில் பேச்சுக்கு மசிகிற கணக்கு இது.

எதற்கும் மசியாதது இருபடி ஒதுக்கீடு. அதைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

கூன் கட்டுரை வந்து இரண்டே ஆண்டில், 1957-இல், பொருளியலாளர்கள் ட்யாலிங் கூப்மான்ஸும் மார்ட்டின் பெக்மனும் இதை எழுதினார்கள். ஆலைகளை மனைகளில் வைக்க வேண்டும். ஓர் ஆலையின் சரக்கு இன்னொன்றுக்குப் போகிறது. போகும் சரக்கின் அளவை இரண்டு மனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்க வேண்டும், இப்படி எல்லா ஜோடிகளுக்கும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை குறைய வேண்டும். பிற்காலத்தில், 1975-இல், நோபல் பரிசு பெற்ற கூப்மான்ஸுக்கு இதில் உறுத்தியது கணக்கின் கடினம் அல்ல. ஹங்கேரியன் முறையில் நிரலில் கழிக்கும் எண்ணை மனையின் வாடகையாகப் படிக்கலாம். அந்த வாடகை சரியாக அமைந்தால் யாருக்கும் இடம் மாறத் தோன்றாது; சந்தையே சரியான பங்கீட்டைக் காத்துக்கொள்ளும். இருபடிக் கணக்கில் அப்படிப்பட்ட வாடகைகள் இல்லை என்று அவர்கள் தங்கள் மாதிரியில் கண்டார்கள். எந்த வாடகையை வைத்தாலும் யாரோ ஒருவருக்கு இடம் மாறினால் லாபம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும், அவர் மாறியதும் இன்னொருவருக்குத் தோன்றும். கழிக்க எண் கிடைக்கவில்லை என்று மேலே சொன்னேனே, பொருளியலில் அதன் வடிவம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கும் அளவுக்குச் சிறிதாக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சீட்டு வாங்கும் இடம் ஒரு கோடி, ரத்தம் எடுக்கும் இடம் மறு கோடி. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், அன்று நடந்த நடையில் வலி கூடித்தான் வீடு திரும்பினார். அன்றிரவு காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு இது, எண்கள் நானாக வைத்தவை.

ஒரே தாழ்வாரத்தில் வரிசையாக நான்கு அறைகள், பத்துப் பத்து மீட்டர் தள்ளி. வைக்க வேண்டியவை சீட்டு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து. சீட்டுக்கும் ரத்தத்துக்கும் இடையே 50 நடை, ரத்தத்துக்கும் மருந்துக்கும் 30, சீட்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் 20, சீட்டுக்கும் மருந்துக்கும் 10, எக்ஸ்ரேவுக்கும் மருந்துக்கும் 10, ரத்தத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் 5. மொத்தம் 24 வரிசைகள். இடவலம் மாற்றினால் ஒன்றே என்பதால் 12. பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தால் எக்ஸ்ரே, சீட்டு, ரத்தம், மருந்து என்ற வரிசையில் மொத்த நடை 1,600 மீட்டர். சீட்டு, மருந்து, எக்ஸ்ரே, ரத்தம் என்று வைத்தால் 2,750 மீட்டர். எக்ஸ்ரேவுக்கு எந்த அறை நல்லது என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். பதில் கிடையாது. சீட்டு எங்கே என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே பொருள் உண்டு.

சரி, 12 வரிசைகளையும் எண்ணாமல் 1,600-தான் மிகக் குறைவு என்று காட்ட முடியுமா? முதல் முயற்சி: அதிக நடை உள்ள ஜோடிக்குக் குறைந்த தூரம் என்று கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் 1,550 வருகிறது. இதற்குக் கீழே போக முடியாது என்பது உறுதி. ஆனால் 1,550-ஐத் தரும் வரிசையே கிடையாது. 1962-இல் கில்மோரும் 1963-இல் லாலரும் சொன்ன வழி இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு பிரிவையும் ஒவ்வோர் அறையிலும் தனித்தனியாக வைத்து, மற்றவை அதற்கு மிகச் சாதகமாக அமைந்தால் அதன் பங்கு நடை எவ்வளவு என்று ஓர் அட்டவணை போட வேண்டும். ரத்தப் பரிசோதனை ஓரத்து அறையில் இருந்தால் 1,250, நடு அறையில் இருந்தால் 900, இப்படியே மற்றவற்றுக்கும். அந்த அட்டவணைக்கு ஹங்கேரியன் முறையைப் போட்டால் 3,150. ஒவ்வொரு நடையும் இரண்டு முனையிலும் எண்ணப்பட்டிருப்பதால் பாதி 1,575. நடைகள் எல்லாம் ஐந்தின் மடங்கு, தூரங்கள் பத்தின் மடங்கு, ஆகவே மொத்தமும் ஐம்பதின் மடங்காகத்தான் வரும். 1,575-க்குக் குறையாத முதல் ஐம்பதின் மடங்கு 1,600. நிரூபணம் முடிந்தது. கடினக் கணக்கின் வயிற்றுக்குள் எளிய கணக்கு உட்கார்ந்து வேலை செய்வதை அன்று முதன்முறையாகக் கையால் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது.

நான்கு அறைகளுக்கு 25 மீட்டர் இடைவெளிதான் விழுந்தது. அதையும் ஐம்பதின் மடங்கு என்ற தற்செயல் அடைத்துவிட்டது. இருபது, முப்பது என்று போகும்போது இந்த இடைவெளி அகலமாகிறது. அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கக் கணக்கைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் கீழ்வரம்பு போட்டு, தேறாத கிளையை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

உலகில் இந்தக் கணக்கு வந்து நிற்கும் இடங்கள் ஏராளம். 1961-இல் ஸ்டெயின்பெர்க் ஒரு யூனிவாக் கணினியின் பின்பலகையில் 34 உறுப்புகளை 36 இடங்களில் வைத்துக் கம்பியின் நீளத்தைக் குறைக்கப் பார்த்தார். 1977-இல் எல்ஷாஃபே கெய்ரோவிலுள்ள ஒரு மருத்துவமனையின் 19 பிரிவுகளுக்கு நோயாளிகளின் நடையைக் கணக்கிட்டார். நீர்மின் நிலையச் சுழலியின் அலகுகள் வார்ப்பில் சற்றே எடை மாறி வரும். எந்த அலகை எந்த இடத்தில் பொருத்தினால் எடை மையம் அச்சோடு சேரும் என்பதும் இதே கணக்குதான் என்று 1988-இல் லாபோர்ட்டும் மெர்க்யூரும் காட்டினார்கள். ஊர் ஊராகச் சுற்றி வரும் விற்பனையாளரின் பயணக் கணக்குகூட இதற்குள் ஒரு தனி வகையாக அடங்கிவிடும்.

விசைப்பலகையும் அப்படியே. 1977-இல் புர்கார்டும் ஆஃபர்மனும் ஐரோப்பிய மொழிகளில் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது, விரல் ஒரு விசையிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்ற இரண்டு அட்டவணைகளையும் பெருக்கித் தட்டச்சு விசைகளை அமைக்கப் பார்த்தார்கள். தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதன் பொருள் விரலிலேயே தெரியும். 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 பலகையில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டன. ‘க’ அடித்து ‘உ’ அடித்தால் ‘கு’. கை மாறி மாறி இயங்குகிறது. தனி எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதோடு நிற்காமல், எது எதை அடுத்து வருகிறது என்பதைக் கணக்கில் கொண்ட அமைப்பு அது. இருபடி என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரியான விடை வேண்டாம், சுமாரான விடைக்கு உத்தரவாதமாவது தரக் கூடாதா? 1976-இல் சாஹ்னியும் கோன்சாலஸும் அந்தக் கதவையும் மூடினார்கள். பொதுவான இருபடி ஒதுக்கீட்டில், மிகச் சிறந்ததைப் போல் பத்து மடங்குக்குள், ஆயிரம் மடங்குக்குள் என்று எந்த நிலையான மடங்குக்கும் உறுதி தருவதுகூட அதே அளவு கடினம். இதற்கு நேர்மாறாக ஒலிக்கும் ஒரு முடிவும் உண்டு. எண்களை எல்லாம் குலுக்கல் முறையில் எடுத்தால், அளவு பெரிதாகப் பெரிதாக மிக நல்ல பங்கீட்டுக்கும் மிக மோசமான பங்கீட்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றை நெருங்கிவிடும் என்று புர்கார்டும் ஃபிங்கேயும் எண்பதுகளில் காட்டினார்கள். அப்போது எதை எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு மெனக்கெட வேண்டாம் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. மருத்துவமனையில் நோயாளிகளின் நடை குலுக்கல் சீட்டு அல்ல. என் நான்கு அறைகளிலேயே நல்லதற்கும் கெட்டதற்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது.

நடைமுறையில் நல்ல விடையைக் கண்டுபிடிப்பது அத்தனை சிரமமில்லை. இரண்டு பிரிவுகளை இடம் மாற்றிப் பார்ப்பது, குறைந்தால் வைத்துக்கொள்வது என்ற முறை 1963 முதல் ஆலை அமைப்பில் புழங்குகிறது. அண்மையில் மாற்றியதைச் சில சுற்றுகளுக்கு மறுபடி தொடக் கூடாது என்ற தடையைச் சேர்த்து டாய்லார்டு 1991-இல் செய்த முறை முப்பது, நாற்பது அளவுள்ள கணக்குகளில் நொடிகளில் மிக நல்ல விடையைத் தரும். அது கையில் கிடைத்துவிடுகிறது. அதைவிட நல்லது இல்லை என்று சொல்லத்தான் முடிவதில்லை.

நக்30 என்ற கணக்கு இதற்கு உதாரணம். ஐந்துக்கு ஆறு கட்டத்தில் 30 பிரிவுகள், நூஜென்ட்டும் கூட்டாளிகளும் 1968-இல் வெளியிட்ட தொகுப்பைச் சேர்ந்தது. 6,124 என்ற விடை தேடல் முறைகளால் முன்பே தெரிந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூனில் ஆன்ஸ்ட்ரைக்கர், ப்ரிக்ஸியஸ், கூ, லிண்டராத் நால்வரும் பல நிறுவனங்களில் சும்மா இருந்த கணினிகளைக் காண்டர் என்ற மென்பொருளால் இணைத்து ஒரு வாரம் ஓட்டினார்கள். சராசரியாக 650 கணினிகள், உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேல். அக்காலத்து நல்ல கணினி ஒன்றில் தனியாக ஓட்டியிருந்தால் ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகியிருக்கும். கிட்டத்தட்ட 1,190 கோடிக் கிளைகள். அந்தக் கிளைகளுக்குள் போடப்பட்ட சாதாரண ஒதுக்கீட்டுக் கணக்குகள், அதாவது நம் பிளஸ் டூ கணக்குகள், 57,000 கோடிக்கும் மேல். முடிவில் வந்த விடை 6,124. தெரிந்த எண்தான், ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு அதற்குச் சாட்சி உண்டு.

பிறகு என்ன ஆயிற்று? 2021-இல் ஜப்பானியரும் பிறரும் சேர்ந்த ஒரு குழு, நேர்க்கோட்டு வரம்புகளை விட்டுவிட்டு அணிகளின் நேர்மத்தன்மையைக் கொண்டு இறுக்கமான கீழ்வரம்புகள் போட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிக் கருக்களைப் பயன்படுத்தவல்ல அமைப்பில் டாய்30ஏ, ஸ்கோ42 என்ற கணக்குகளை முதன்முறையாக முடித்தது. இருபத்தோரு ஆண்டுகளில் 30-லிருந்து 42. அவர்கள் அடுத்து வைத்த இலக்கு 50. கணினியின் வேகம் இந்த இடைவெளியில் எத்தனை மடங்கு பெருகியது என்பதை நினைத்தால், கணினி வேகம் மட்டும் இந்தக் கணக்கைத் தீர்க்காது என்பது விளங்கும். கழிப்பதற்குப் புதிய எண்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புதிய கீழ்வரம்பும் அப்படி ஒரு கண்டுபிடிப்புதான்.

1972-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையைத் திட்டமிட்டபோது 30 பிரிவுகளை 30 இடங்களில் வைக்கும் கணக்கு எழுந்தது. க்ராரப்பும் ப்ரூசனும் அன்று கையிலிருந்த வழிகளால் காலக்கெடுவுக்குள் ஒரு நல்ல அமைப்பைத் தந்தார்கள். கணக்கு அதன் பிறகு ஆராய்ச்சியாளர்களிடம் தங்கிவிட்டது. 1999-இல் தாமஸ் ஷ்டூட்ஸ்லே ஒரே மதிப்புள்ள 256 அமைப்புகளைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இன்னொரு வழியாக, கிளை பிரித்து எண்ணிப் பார்த்து, அவை மிகச் சிறந்தவையே என்று நிரூபிக்கப்பட்டது. கேள்வி கேட்டு 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மருத்துவமனையின் நடைகளில் அதற்குள் நோயாளிகள் நடந்துகொண்டிருந்தார்கள்.